திருமலையப்பரின் சீமைக் கிடா

ஆட்டுப்பண்ணை முதலாளி திருமலையப்பர் பீற்ற ஆரம்பித்தால் ஆடே சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு சீமைக் கிடாவை வேன் வைத்து ஏற்றிவந்து கண்மாய்க்கரையில் நிறுத்தினார்.

"ஆறே மாசத்துல அறுபது கிலோ! உங்க வேம்பூர் ஆடு வெறும் எலும்பும் தோலும். பத்து ஆட்டைக் குடுத்துட்டு இதுல ஒண்ணு வாங்கிக்கோங்க."

ஊரே வாயைப் பிளந்தது. ஆடு மேய்க்கிற ராக்கு மட்டும் சிரித்துவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "எங்க, இதுல ஒரு குறை சொல்லு. சொன்னா கிடா உனக்கு. இல்லேன்னா உன் மந்தை எனக்கு!"

"குறையா? இந்த எடையும் அழகும் எங்க ஆட்டுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது மொதலாளி" என்றாள் ராக்கு. தன் ஆடுகள் குடித்துக்கொண்டிருந்த கண்மாயிலேயே ஒரு வாளி மொண்டு கிடாவின் முன்னால் வைத்தாள். "பாவம், தாகமா இருக்கும்."

"ஏய், எடு அதை! கேன் தண்ணி தவிர எதைக் குடிச்சாலும் கழிச்சல் கண்டு செத்துரும்! வெயிலும் ஆகாது. டிரைவர், ஃபேனைப் போடு!" என்று அலறினார் திருமலையப்பர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நான் ஜெயிச்ச கிடாவை நீங்களே வச்சுக்கோங்க மொதலாளி" என்றாள் ராக்கு. "எங்களுக்கு வேண்டியது ஆடு. வீட்டோட மாப்பிள்ளை இல்ல."