தளவாய் விட்ட பம்பரம்

கோட்டை லாயத்தில் குதிரைகளுக்குப் புல் போடும் சடையாண்டிக்கு நாற்பது வயதில் பம்பரப் பித்துப் பிடித்தது. மத்தியானமானால் மதிலோரம் பம்பரம் சுற்றிக்கொண்டிருப்பான். கோட்டைப் படைக்குத் தலைவரான தளவாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மீசை நரைத்தவனுக்குப் பம்பரம் எதற்கடா? மதிலை வேவு பார்க்கிறாயா? எந்த நாட்டு ஒற்றன் நீ?"

"ஆசைக்குத்தான் சுற்றுகிறேன், எசமான்."

"அந்த ஆசையை என் கண்ணில் காட்டு. இல்லையென்றால் சிறைதான்!"

சடையாண்டி கயிற்றைச் சுற்றிப் பம்பரத்தைப் பணிவாக நீட்டினான்.

"எசமானே ஒரு தடவை விட்டுப் பாருங்கள்."

தளவாய் விட்டார், உருண்டோடியது. மறுபடி விட்டார். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு விட்டார். வெயில் சாய்ந்தபோது பம்பரம் நின்று சுற்றியது.

சடையாண்டி மெல்லக் கேட்டான்: "எசமான் எந்த நாட்டு ஒற்றர்?"

வேடிக்கை பார்த்து நின்ற காவல் வீரர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சும்மா இருங்களடா!" என்றார் தளவாய், குனிந்த தலை நிமிராமல். "இப்போதுதான் சுற்றுகிறது."