முருங்கைக் கொம்பில் கியர் போட்டவன்

கூனப்பாறை ஜீப் ஸ்டாண்டுக் கரும்பலகையில் முதல் வரியில் இருந்த என் பெயரை அழித்து, அதைக் கொண்டுபோய்ப் பதினாறாவது வரியில் எழுதிவைத்த மகாராசனே, இது உனக்குத்தான். நீ யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நேரில் வந்து பேசியிருப்பேன். சாக்பீஸ் பிடிக்கத் தைரியம் இருந்த உனக்கு, நான்தான் அழித்தேன் என்று சொல்ல ஏன் தைரியம் இல்லை?

வெளியூர்க்காரர்கள் படித்தால் விளங்க வேண்டும் என்பதால் விவரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்கு பஸ் கிடையாது. உச்சி வரை ஏழு மைலும் கல்லும் பள்ளமும்தான். அதை ரோடு என்று சொன்னால் மற்ற ரோடுகள் கோபித்துக்கொள்ளும். ஜீப் மட்டும்தான் ஏறும். மொத்தம் பதினாறு ஜீப். யார் வண்டி முதலில் கிளம்புவது என்ற முறை, வெள்ளத்தாயி டீக்கடைச் சுவரில் இருக்கும் பலகையில் எழுதியிருக்கும். முதல் வரிக்காரனுக்கு மலை பார்க்க வருகிற குடும்பங்கள். கடைசி வரிக்காரனுக்கு எஸ்டேட்டுக்குப் போகிற சாண உர மூட்டை. இதை முடிவு செய்வது ஒரே ஒரு வழக்கம். முதல் மழை விழுந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, வழுக்குப்பாறை மேல் வண்டியைப் பின்னால் சறுக்கவிடாமல் ஏற்றிக் காட்ட வேண்டும். சுத்தமாக ஏற்றினவன் பெயர் முதல் வரி, ஏற்ற முடியாமல் நின்றவன் பெயர் கடைசி வரி. அடுத்த மழைக்காலம் வரைக்கும் மாற்றம் கிடையாது. பதினோரு வருடமாக அந்த வரியில் ஒச்சப்பன் என்ற பெயர்தான் இருந்தது. ஒச்சப்பன் என்றால் நான்.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், முதல் வரியில் தங்கமாயன். சவுதியில் ஏழு வருடம் வண்டி ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஊருக்கு வந்தவன். அவன் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் ஜீப். கிளட்ச்சு கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கியர் தானாக மாறுகிற வண்டியை ஓட்டுகிறவனும், ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறவனும் ஒன்று என்பது என் கட்சி. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் டீயைக் குடித்துக்கொண்டே, "பசி அடங்குதுல்ல மாமா" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நான் யார் என்று எடுத்துச் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவன் இல்லை. அடிபட்டு வந்தவன். என் ஜீப்பை ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் பார்த்தேன். அப்போது அது ஜீப் இல்லை, ஜீப்பின் எலும்பு. கடைக்காரன் ஒரு விலை சொன்னான். நான் பாதிக்குக் கேட்டேன். அவன் இறங்கி வந்தான், நான் அதிலும் பாதி கேட்டேன். மூன்று நாள் பேசினேன். இரண்டாம் நாள் அவன் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியைக் கொடுத்து, ஸ்டெப்னி கொடுத்து, ஒரு வெள்ளாடும் கொடுத்து, "நீ கிளம்பினால் போதும்" என்று கும்பிட்டான். ஆட்டுக்குக் கயிறு இல்லையே என்று கேட்டேன். கடைக்குப் பூட்டுப்போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

"கயிறு குடுத்தானா இல்லையா?" என்று கேட்டாள் வெள்ளத்தாயி.

"பூட்டோட சேர்த்துச் சாவியையும் குடுத்துட்டுப் போனான் தாயி."

அந்த வண்டியை நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினேன். நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஃபோர் வீல் போட்டு லோ கியரில் விட்டேன் என்றால், அது போகிற நிதானம் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக்கூட வராது. மற்ற டிரைவர்கள் லோ கியரில் விட்டு, இறங்கி நடந்து, வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி ஏறுவார்கள். அது சின்னப்பிள்ளை வேலை. நான் ஐந்தாவது வளைவில் வண்டியை லோ கியரில் விட்டு இறங்கினேன். குறுக்குப் பாதையில் மேலே ஊருக்குப் போய் ஒரு கல்யாணத்தில் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாந்தரம் வாங்கி, அப்படியே தேர்தலுக்கு ஓட்டும் போட்டுவிட்டு வந்தேன். வண்டி ஆறாவது வளைவுக்கு இன்னும் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு நத்தை வழி கேட்டு நின்றது. நான் கையைக் காட்டி அதை முன்னால் போகவிட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு எந்த ஊருல மாமா தேர்தல் வச்சாங்க?" என்றான் தங்கமாயன்.

"தம்பி, வண்டி போன வேகத்துல கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் நடுவுல நாலு மாசம் இருந்துச்சு."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். இருமட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னேன்.

ஒரு ஆடி மாதம், உச்சிக்கு ஒரு மைல் இருக்கும்போது கியர்க்கம்பி என் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வண்டியில் பதினாலு பேர். தங்கமாயனின் ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் அங்கேயே படுத்து, கம்பெனியிலிருந்து ஆள் வரட்டும் என்று சொல்லியிருக்கும். நான் ஓரத்தில் நின்ற முருங்கை மரத்தில் ஒரு கொம்பை ஒடித்து அந்த ஓட்டையில் செருகினேன். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மலை ஏறிவிட்டேன்.

வெள்ளத்தாயி டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டாள். "ஒச்சண்ணே, முருங்கைக் கொம்பு காக்கா உட்கார்ந்தாலே ஒடியும். அதுல நீ கியர் போட்ட."

"அதனாலதான் தாயி சொல்றேன். கியர் போடுறது கைப்பலம் இல்ல, கைப்பக்குவம். காக்காய்க்கு அந்தப் பக்குவம் கிடையாது."

அது மட்டும் இல்லை. முருங்கைக் கொம்பை எங்கே நட்டாலும் வரும். என் கியர் பெட்டியில் இருந்த எண்ணெயைக் குடித்து அது ஒரே வாரத்தில் துளிர்த்தது. மாசி மாதம் பூத்தது. சித்திரையில் வண்டிக்குள் நிழல், டாப்பே போடவில்லை. மூன்றாவது கியர் போடும்போது ஒரு காய் மடியில் விழும். நாலாவது கியருக்கு ஒரு கொத்துக் கீரை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் கம்பளிப்பூச்சி விழும், அதை மறைக்க மாட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் சாம்பாருக்குக் காய் வாங்கினதே இல்லை.

"எனக்கு ஒரு காய் வரலையே" என்றாள் வெள்ளத்தாயி.

"நீ கேக்கலையே."

பிறகு யானையைச் சொன்னேன். எட்டாவது வளைவில் ஒற்றைக் கொம்பன் எதிரே வந்து நின்றது. பின்னால் பள்ளம், முன்னால் யானை. அது நெற்றியை என் பானட்டில் வைத்துத் தள்ளியது. நான் முதல் கியரில் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்தேன். அது ஒரு பிடி கூட்டினால் நானும் ஒரு நூல் கிளட்ச்சை விடுவேன், அது குறைத்தால் நானும் குறைப்பேன். வண்டி முன்னால் ஒரு அங்குலம் போகவில்லை, பின்னால் ஒரு அங்குலம் வரவில்லை. காலை எட்டு மணிக்குப் பிடித்தது, உச்சி வெயில் வரைக்கும் அப்படியே. கடைசியில் யானை சாய்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டது. குறட்டையில் என் கண்ணாடி ஆடியது. எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன். எழுந்தது, என் இடது கணுக்காலைத் துதிக்கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டது. பதினோரு வருடம் முதல் வரியில் நின்ற கால் இது. கிளட்ச்சு இல்லாத வண்டியில் இந்த இடது காலுக்கு என்ன வேலை? அது என்ன, வண்டிக்கு ஓசிப் பயணியா?

"மாமா, அந்த இடது கால் ஞாயித்துக்கிழமை பண்ணுன வேலையையும் சேத்துச் சொல்லிருங்க" என்றான் தங்கமாயன்.

அவன் சொல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். எனக்கு மறைக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தபோது அவன்தான் ஆரம்பித்தான். "உங்க வண்டியில நீங்க ஏறுவீங்க, அது தெரிஞ்சதுதான். என் வண்டிய ஏத்துங்க பாப்போம். ஏத்திட்டீங்கன்னா நான் ஆயுசுக்கும் கடைசி வரி" என்றான். பேரம் என்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. வெறுமனே ஏறினால் எனக்கு என்ன பெருமை என்று கேட்டேன். சங்கச் செயலாளர் பரமனாண்டி பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்றேன். சரி என்றார்கள். வெள்ளத்தாயியின் காலைப் பால் கேனை மூடி இல்லாமல் பின் சீட்டில் வைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தளும்பாமல் ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். அதற்கும் சரி என்றார்கள். எதிராளி இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் எழுந்து போய்விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருட அனுபவம். ஆனாலும் உட்கார்ந்தேன்.

வண்டி ஏறியது. இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே ஏறியது. பாறையில் பாதி தூரத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் கேட்டால் பதினோரு வருடமாக என் இடது கால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கிளட்ச்சை மிதித்தது. தங்கமாயன் வண்டியில் கிளட்ச்சு இருக்க வேண்டிய இடம் வரைக்கும் பிரேக்கை அகலமாக நீட்டி வைத்திருக்கிறார்கள். யானை கும்பிட்ட கால், சாதாரணக் கால் இல்லை. முழு பலத்தோடு அதில் இறங்கியது.

"செயலாளரு மூக்கு வண்டியோட முன்கண்ணாடியில ஒட்டுச்சு" என்றாள் வெள்ளத்தாயி. "இருபது லிட்டர் பாலும் அவரு முதுகுல."

"தாயி, இங்கதான் நீங்க யாரும் விஷயத்தைச் சரியாப் பாக்கல" என்றேன்.

உனக்கும் சொல்கிறேன் மகாராசனே, கேள். நான் நிறுத்தியது வண்டியை இல்லை. அந்த மிதி வண்டியோடு நிற்கவில்லை. சக்கரம் பாறையைப் பிடித்தது, பாறை மலையைப் பிடித்தது, மலை மொத்தமும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்ற பிறகுதானே தெரிகிறது, அதுவரைக்கும் மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேனிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது என்று. நான் மட்டும் மிதிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கூனப்பாறை மலை தேனி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றிருக்கும். பிறகு ஜீப் எதற்கு, ஸ்டாண்டு எதற்கு, பலகை எதற்கு? பதினாறு குடும்பத்தின் பிழைப்பை ஒரே மிதியில் காப்பாற்றினேன்.

பெஞ்சில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது மரியாதை என்றுதான் நினைத்தேன்.

"ஒரே மிதின்னா சொன்ன?" என்றாள் வெள்ளத்தாயி. "நாலு மிதி. ஒவ்வொரு தடவ கிளப்பும்போதும் மிதிச்ச. நாலாவது மிதியில செயலாளரு கதவத் தெறந்து குதிச்சுட்டாரு. அப்புறம் தங்கமாயன் ஏறி, ஒரு கையில டீ கிளாசு, ஒரு கையில ஸ்டேரிங்கு, அவன் பாட்டுக்கு ஏறிப் போயிட்டான்."

"நாலு தடவ மலை இறங்குச்சு தாயி, நாலு தடவ நிறுத்துனேன்."

"சரி" என்றாள் அவள், ரொம்ப நிதானமாக. "பேர அழிச்சது யாரு யாருன்னு காலையிலருந்து கத்திக்கிட்டு இருக்கியே. நான்தான் அழிச்சேன். பால் துடைச்ச துணி கையில இருந்துச்சு, பலகை பக்கத்துல இருந்துச்சு. டீ ஆறுது, குடி."

நான் டீயைக் குடித்தேன். கூனப்பாறையில் இருப்பது ஒரே ஒரு டீக்கடை, அது அவள் கடை. இன்று வரைக்கும் எனக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுகிறவள். அப்படிப்பட்டவள் இதைச் செய்திருப்பாள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. யாரையோ காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். தங்க மனசு. ஆகவே அழித்தவர் யார் என்பது எனக்கு இன்னும் தெரியாது என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மகாராசனோ மகாராணியோ, யாராக இருந்தாலும் நியாயத்தைக் கேள்.

என் வண்டியில் என்னை ஏற்றிப் பார்க்காமல் எவனுடைய வண்டியிலோ ஏற்றிவிட்டு என்னைக் கடைசி என்று எழுதினால் அது எந்த ஊர் வழக்கம்? அடுத்தவன் செருப்பைப் போட்டு நடந்து காலில் கொப்புளம் வந்தால் காலையா வெட்டுவார்கள்? என் ஜீப்பில், என் கிளட்ச்சில், என் இடது காலோடு எனக்கு மறு ஏற்றம் வேண்டும். பால் கேன் வேண்டாம். செயலாளரும் வேண்டாம், அவரே வர மாட்டார்.

மறு ஏற்றம் வைக்க மனசில்லை என்றால், முதல் வரியைத் திருப்பிக் கொடு. அது கஷ்டம் என்றால் இரண்டாவது வரி, தங்கமாயனுக்குக் கீழே, பரவாயில்லை, சின்னப் பையன் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டும் முடியாது என்றால் ஐந்து. ஐந்தாவது வரியில் எனக்கு எப்போதுமே ஒரு பிரியம் உண்டு. எட்டு என்கிறாயா? எட்டு. இதற்குக் கீழே நான் இறங்கவே மாட்டேன், ஆண்டிபட்டி இரும்புக்கடைக்காரனைக் கேட்டுப்பார். சரி, பதினஞ்சு. சாண மூட்டை வரிக்கு ஒரு வரி மேலே, அவ்வளவுதான் கேட்கிறேன். நாளைக் காலையில் பலகையைப் பார்ப்பேன். அதற்குள் அந்தத் துணியை எடுத்து, செய்த தப்பைச் சரி செய்து வை.