பின்சாய்கோடு சாய்ந்த கதை

எழுத்துகளும் குறிகளும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அதற்குக் காவல், கணினியில் நாம் அடிப்பதை முதலில் படிக்கிற ஷெல் என்பவர். மகா கெட்டிக்காரர். ஆனால் சிரிக்கத் தெரியாதவர்.

அவர் வாசலில் ஒரு வழக்கம். எழுத்து வந்தால் "போ, போ" என்று திரைக்கு விட்டுவிடுவார். குறி வந்தால் வேலை கொடுத்துவிடுவார். நட்சத்திரக் குறியைக் கண்டால், "அறையில் இருக்கிற கோப்புகளின் பெயர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வா" என்பார். அதுவும் விழுந்தடித்து ஓடும். திரையில் அந்தப் பெயர்கள்தான் தெரியும், நட்சத்திரம் தெரியாது. இதில் அதற்குப் பெருமை வேறு!

ஓர் ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. அணையிலிருந்து செய்தி அனுப்புகிறவள் தையல்நாயகி. கீழே பரிசல்காரர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கரையில் இருந்த திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அக்கரையில் சுழல் உள்ள துறைகளில் மட்டும் நட்சத்திரம் வரைந்த பலகை நட்டிருந்தது. தையல்நாயகி அவசரமாக அடித்தாள்: "* போட்ட துறையில் ஒதுங்காதீர்கள்."

திரையில் வந்ததோ, நட்சத்திரத்துக்குப் பதில் அறையில் இருந்த மூன்று கோப்புகளின் பெயர்கள்: "சாவி மதகு மழையளவு போட்ட துறையில் ஒதுங்காதீர்கள்."

"மதகு போட்ட துறையா? அப்படி ஒண்ணு இங்க ஏதுப்பா?" என்றார் மூத்த பரிசல்காரர் பெரியாண்டி. "இன்னொரு தரம் வருதான்னு பாப்போம். இல்லேன்னா பரிசலைத் தள்ளிட வேண்டியதுதான். பிள்ளைங்க நனையுது."

தையல்நாயகிக்குக் கரையில் இருந்த திரை தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே செய்தியை மறுபடி அடித்தாள். இந்த முறை நட்சத்திரம் வாசலில் காலைப் பிடித்துக் கெஞ்சியது.

"ஐயா, இன்னிக்கு ஒரு நாள் என்னை நானாவே விடுங்க. நான் வேலை பாத்தா அங்க உசிரு போயிடும்."

"குறின்னா வேலை செய்யணும். உனக்காக வழக்கத்தை மாத்த முடியாது" என்றார் ஷெல்.

விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. அப்போது அது நெட்டுக்குத்தாக நிற்கும். வேலைவெட்டி கிடையாது, யாரும் அதை ஒரு பொருட்டாக மதித்ததும் கிடையாது. அது குதித்து வந்து நட்சத்திரத்துக்கு முன்னால் நின்றது.

"எனக்கும் ஒரு வேலை கொடுங்கய்யா. எனக்கு அடுத்து வர்றவன் யாரா இருந்தாலும், அவனை வெறும் எழுத்தா நினைச்சு விட்டுடணும். அதுதான் என் வேலை."

ஷெல் யோசித்தார். "வேலை செய்கிற குறி திரைக்குப் போக முடியாது. நீ இந்த வாசலோட சரி. சம்மதமா?"

கோடு நட்சத்திரத்தின் பக்கமாகக் காலை ஊன்றி, முன்னால் சாய்ந்து, தலையால் கதவை முட்டித் தள்ளியது. கதவு திறந்தது. நட்சத்திரம் உள்ளே ஓடியது. கோடு அங்கேயே கரைந்துபோனது.

"ஏய், நட்சத்திரம் போட்ட துறைடா! சுழல்! வடக்கே திருப்பு!" என்று கத்தினார் பெரியாண்டி. அத்தனை பரிசலும் பத்திரமாகக் கரை சேர்ந்தன. முதன்முதலாகத் திரையில் நின்ற நட்சத்திரம், பக்கத்தில் கோட்டைத் தேடித் தேடி அழுதது.

அந்தக் கோட்டின் இனத்தார் எல்லோரும் பிறகு இப்படி \ சாய்ந்தே நின்றார்கள், பின்சாய்கோடு என்று பெயரும் பெற்றார்கள். டாலர் குறிக்கும் மேற்கோள் குறிக்கும்கூட இன்றுவரை அவர்கள்தான் முன்னால் போகிறார்கள். ஊருக்கெல்லாம் உழைத்துவிட்டு, தான் இருந்த அடையாளமே இல்லாமல் போகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் தனி மரியாதை.

ஒருநாள் பின்சாய்கோடே திரைக்குப் போக வேண்டி வந்தது. அதற்காக யார் கரைவது? நட்சத்திரம் தயங்கியது, டாலர் தலை குனிந்தது. இன்னொரு பின்சாய்கோடு முன்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான், திரையில் ஒரு பின்சாய்கோட்டைப் பார்க்க நாம் இரண்டு அடிக்கிறோம்.