பூட்டு திறக்கும் அளவுக்கு

நீலம்பூர் புறவழிச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய பஞ்சு குடோன் ஒன்றில் பதினோரு கார்கள் நின்றன. எல்லாம் வேகத்துக்கென்றே பிறந்த வண்டிகள். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து பத்து நாள் ஓட்டிவிட்டுப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொள்வது ஜீனத்தின் வேலை.

ஜீனத்துக்கு வயது முப்பத்தெட்டு. கார் வயரிங்கில் அவள் கை பட்டால் போதும் என்று கோவையில் ஒரு பேச்சு உண்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். வந்த புதிதில் கேலியாக ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார். இரண்டாம் மாதத்தில் சொல் அப்படியே இருந்தது, கேலி மட்டும் போய்விட்டது. அவள் அவரை ‘அண்ணா’ என்பாள்.

அன்று வியாழக்கிழமை. காலை டீ வந்தது. நாச்சிமுத்து கையில் வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

“வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கோணுங்க.”

“கேளுங்கண்ணா.”

“ஞாயித்துக்கிழமை பேரனுக்கு மொட்டை. எங்க குலதெய்வக் கோயில்லீங்க. பையன் எனக்குச் சொல்லலை. அவங்கம்மா போனுக்கு மெசேஜ் போட்டிருக்கறான். அப்பா வருவாரான்னு கேட்டு.”

“வர்றேன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே.”

“நாங்க பேசி ஒண்ணரை வருசமாச்சுங்க.”

“சண்டைங்களா?”

“சண்டையா இருந்தாத்தான் பரவாயில்லையே, நாலு பேரை வெச்சுப் பேசி முடிக்கலாம். ஒண்ணுமே இல்லீங்க. ஒரு நாள் பேசிட்டு வெச்சான். அடுத்தது அவன் கூப்பிடட்டும்னு நான் இருந்துட்டேன். நான் கூப்பிடட்டும்னு அவனும் இருந்திருப்பான். அப்படியே நின்னுபோச்சு.”

டீயில் ஆடை படிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோயில்ல, சொந்தபந்தத்துக்கு முன்னாடி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா நான் எங்கீங்க போய் நிக்கறது? நின்னுபோனதை எப்படிங்க மறுபடி ஓட வெக்கறது?”

ஜீனத் டீயைக் குடித்து முடித்தாள்.

“ஏழாவதா நிக்கற வண்டியப் பாத்தீங்களாண்ணா?”

இரண்டு சீட் மட்டும் உள்ள சிவப்பு வண்டி அது; சாவி பக்கத்தில் வந்தாலே உணர்ந்துகொள்ளும். நாச்சிமுத்து போய் சாவியின் பொத்தானை அமுக்கினார். விளக்கு மின்னவில்லை, கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

“இதோட சார்ஜர் எங்கீங்கண்ணா?”

அங்கே ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்ன சார்ஜர் உண்டு. நோட்டுப் புத்தகம் அளவில் இருக்கும். வண்டி நிற்கிற நாளெல்லாம் பேட்டரியில் குறைகிறதைக் கவனித்து, குறைந்த அளவுக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டியின் சார்ஜர் வயர் சுற்றி, சுவரில் ஆணியில் தொங்கியது.

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று.

“நாந்தானுங்க கழட்டுனேன். ஆடி மாசம். பச்சை விளக்கு எரிஞ்சுது. நெறைஞ்ச பொறவும் எதுக்கு ஓடிட்டிருக்கோணும்னு…”

முப்பது வருடம் மில்லில், வேலை முடிந்த மெஷினை ஒரு நிமிடம்கூட ஓடவிடாத மனிதர். நிறுத்தினதில் அவருக்கு அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஜீனத் சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவி, கையாலேயே கதவைத் திறந்தாள்.

“பேட்டரி முன்னாடி, பானட்டுக்கு அடியில இருக்குது. பானட் பூட்டு கரண்டுலதான் திறக்கும்.”

“அப்ப கரண்டு குடுக்கப் பானட்டைத் திறக்கோணும். பானட்டைத் திறக்கக் கரண்டு குடுக்கோணும். எந்தப் புண்ணியவானுங்க இதைச் செஞ்சது?”

“கழட்டுன புண்ணியவானைத்தான் எனக்குத் தெரியும்.”

நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மூலையிலிருந்து சக்கரம் வைத்த பெரிய சார்ஜரை இழுத்துக்கொண்டு வந்தார். லாரி பேட்டரிகளுக்கு வைத்திருந்தது. தள்ளிக்கொண்டு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

“இதுல ஒரே போடு போட்டமுன்னா அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுரும்.”

ஜீனத் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குக்குப் போடுகிற குட்டி பேட்டரி ஒன்றை எடுத்து வந்தாள். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே, அவசரத்துக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கவென்றே ஒரு சிவப்பு முனை இருந்தது. அதை வெளியே இழுத்துவிட்டு, சிவப்பு கிளிப்பை அதில் மாட்டினாள்.

“கறுப்பை நீங்க வைங்கண்ணா. கதவு வந்து மாட்டுதல்ல, அந்த இரும்புல.”

அவர் வைத்தார்.

வைத்ததும் வண்டி அலறியது. திருட்டு அலாரம். தகரக் கூரை முழுக்க எதிரொலித்தது. நாச்சிமுத்து பதறிப்போய் கிளிப்பைப் பிடுங்கப் போனார். ஜீனத் அவர் கையைப் பிடித்தாள்.

“கத்தட்டும்ண்ணா. மூணு மாசமாச்சு.”

கத்தியது. அவர் கிளிப்பைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது. முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி. பானட் ஒரு விரல் அளவுக்கு எழும்பி நின்றது.

“அப்படியே ஸ்டார்ட் போட்டுப் பாத்துரலாமுங்களா?”

“இது பூட்டுக்கு மட்டுந்தானுங்கண்ணா.”

அவள் குட்டி பேட்டரியைக் கழற்றினாள். ஆணியில் தொங்கிய சார்ஜரைக் காட்டினாள். நாச்சிமுத்து எடுத்து வந்து முதலில் பிளக்கைச் சுவரில் சொருகினார். அவள் பிளக்கை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். அவருக்கு ஞாபகம் வந்தது. சிவப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டினார். கறுப்பை பேட்டரியிலிருந்து தள்ளி வண்டியின் இரும்பில் மாட்டினார். இரண்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் பிளக்கைச் சொருகினார்.

சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. நின்றது. மறுபடி மினுக்கியது.

“என்ன பண்ணுதுங்க?”

“கொஞ்சமா குடுத்துப் பாக்குது. வாங்கிக்குதான்னு பாக்குது. வாங்கிக்கிட்டா இன்னுங்கொஞ்சம்.”

“வாங்காட்டி?”

“நிறுத்திக்கும். நாளைக்கு மறுபடி வெச்சுப் பாக்கோணும்.”

“பொழைச்சுக்குமுங்களா?”

“தெரியாதுங்கண்ணா.”

இருவரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். நான்கு தாள், எட்டுப் பக்கம். மூன்று நாளாக எழுதியது. அவனைப் படிக்கவைத்ததிலிருந்து, கடைசியாகப் பேசிய நாள் வரை எல்லாம் அதில் இருந்தது.

“பையனுக்கு எழுதுனதுங்க. ஒண்ணு விடாம எழுதியிருக்கறேன். கோயில்ல போனதும் கையில குடுத்துரலாம்னு இருக்கறேன். படிச்சுப் பாக்கறீங்களா?”

ஜீனத் காகிதங்களை வாங்கவில்லை. அவற்றின் தடிமனைப் பார்த்தாள். பிறகு பெரிய சார்ஜரைப் பார்த்தாள்.

“அதைப் பழையபடி மூலையில கொண்டுபோய் வெச்சுருங்கண்ணா. வழியில நிக்குது.”

அவர் காகிதங்களைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு போய் வைத்தார். வைத்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டுக்கு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தார். மகனின் எண்ணை அமுக்கினார்.

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தார்கள்.

“அப்பா.”

எட்டுப் பக்கமும் நெஞ்சுக்கு வந்தது. விழுங்கினார்.

“நவநீதா, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப்பா மொட்டை?”

சாலையில் ஒரு லாரி வந்து, கடந்து, போயிற்று.

“ஒண்ணரை வருசம் கழிச்சு மணி கேக்கறீங்களா?” மகனின் குரல் ஏறியது. “இவன் பொறந்தப்பக் கூப்பிட்டீங்களா? ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தமே, அப்ப?”

பதில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் விளக்கமாகவே இருந்தது. நாச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். மகன் சொல்லிக்கொண்டே போனான். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

குரல் ஓய்ந்தது.

“ஒன்பதுக்குள்ளீங்கப்பா,” என்றான். “நேரமே வந்துருங்க. படையல் எப்படி வெக்கறதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை.”

வைத்துவிட்டான்.

நாச்சிமுத்து உள்ளே வந்தார். சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஜீனத் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“மணி முழுசா அடிக்கக்கூட இல்லீங்க. எடுத்துட்டான்.”

அவள் தலையசைத்தாள்.

“ஒண்ணுதான் எனக்கு வெளங்கலை. அவனும் ஒண்ணும் பண்ணலை, நானும் ஒண்ணும் பண்ணலை. இந்த வண்டியையும் யாரும் ஓட்டலை. ஒரு லைட்டுகூடப் போடலை. சும்மாதானுங்களே நின்னுச்சு. அத்தனையும் எங்கீங்க போச்சு?”

ஜீனத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சும்மா நிக்கலீங்கண்ணா. சாவி பக்கத்துல வருதா, பக்கத்துல வருதான்னு ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதுலயே தீந்துபோச்சு.”