கொம்பையா பிடித்த ஜோடி

கோணப்பனை ஊர்க்காரர்களுக்குப் புத்தி ஒரு பொட்டும் குறைவில்லை. செலவழித்தால்தானே குறையும்?

அந்த ஊர்க் கொம்பையாவுக்குத் தாய்மாமன் மகள் வடிவு மேல் உயிர். மாமன் சங்கரபாண்டிக்கோ, புதுசாக வாங்கிய மோட்டார் படகு மேல் உயிர். நடுக்கடல் தீவுக்கு ஆள் கூட்டிப்போய், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலையும் சுறாவையும் காட்டப்போகிறாராம். அவரும் கோணப்பனைதான், கேட்க வேண்டுமா?

“வெள்ளோட்டம் போய்ட்டு வா மருமகனே. ஆனா கண்டவன் கை என் படகுல பட்டுதுன்னு தெரிஞ்சுது, வடிவு உனக்கில்ல. ஆமா!”

கொம்பையா துணைக்கு மாசானத்தையும் இசக்கியையும் சேர்த்துக்கொண்டான். ஊரிலேயே அவனுக்கு நிகரான அறிவாளிகள்.

ஸ்கூபா டைவிங் சொல்லித்தரும் சூசை மாஸ்டர் கரையில் வைத்துப் பாடம் நடத்தினார். “ஜோடி இல்லாம தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. முங்கிக் கிடக்கிற எதையும் தொடக் கூடாது. போய்ச் சேந்ததும் நங்கூரத்தைப் போட்டிரணும்.”

மூவரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலில் மாட்டும் துடுப்பைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பார்த்ததுமே மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நல்ல விவரமான காய்ச்சல். அதனால் மூவரும் தனியாகவே கிளம்பினார்கள்.

தீவு வந்ததும் இசக்கி நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்டான். கயிறு படகிலேயே சுருண்டு கிடந்தது. கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லையே!

“நாம மூணு பேரு. ஒரு ஜோடி போக ஒண்ணு மிஞ்சுதேலே?” என்றான் கொம்பையா.

இசக்கி தாடையைச் சொறிந்தான். “உன்னை ரெண்டா வெட்டினா?”

“வெட்டலாம். ஆனா சிலிண்டர் மூணுதான் இருக்கு,” என்றான் மாசானம், ரொம்பப் பொறுப்பாக.

அந்த நேரம் பார்த்துப் படகோரம் ஒரு சுறா ஒற்றையாகப் போயிற்று.

“பாவம், அதுவும் ஜோடி இல்லாமத் தவிக்குது பாரு!”

சொல்லிக்கொண்டே கொம்பையா சிலிண்டரோடு குதித்து வாலைப் பிடித்ததுதான் தாமதம், சுறா மிரண்டு பாய்ந்தது. இவன் விடுவானா? பழைய கப்பலில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து மறு ஓட்டை வழியாக அது தப்பி ஓட, கப்பலில் விரல்கூடப் படாமல் இவனும் கூடவே போனான். இப்படி ஒரு பாசத்தை அந்தச் சுறா வாழ்நாளில் கண்டதில்லை. கடைசியில் ஒரே உதறு. கொம்பையா மேலே வந்து விழுந்தான்.

அங்கே படகு பாறையில் மோதி, ஓட்டை விழுந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, வடிவு போச்சே! இழுங்கலே, மணல்ல ஏத்துவோம்!” என்று அலறினான்.

“பொறுலே!” இசக்கி குறுக்கே பாய்ந்தான். “பாதி முங்கிட்டு. மேல் பாதியைத் தொடலாம். கீழ்ப் பாதியைத் தொட்டா குத்தம்.”

“அப்ப மேல் பாதியை மட்டும் இழுப்போம்.”

“கூடவே கீழ்ப் பாதியும் வந்துட்டா? யாரு பதில் சொல்லுதது?” என்றான் மாசானம்.

நியாயமான கேள்விதான். இந்த வழக்கு முடிவதற்குள் படகே முழுசாக மூழ்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

யாரோ புண்ணியவான்கள் மீன்பிடிப் படகில் ஏற்றி வந்து கரையில் விட்டார்கள். மாமன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“படகு எங்கலே?”

கொம்பையா மூக்கை உறிஞ்சினான். “கடலுக்கடியில பத்திரமா இருக்கு மாமா. முங்கிக் கிடக்கிறதைத் தொடக் கூடாதுன்னு சட்டமாம். இனி ஒரு பய கை அதுல படாது.”

மாமன் முறைத்தார். முறைத்தபடியே யோசித்தார். “காவலுக்கு?”

“என் ஜோடி நிக்குது மாமா. வாய் நிறையப் பல்லு.”

“அப்படிச் சொல்லு! தையில கல்யாணத்தை வச்சிருவோம்!”

மாப்பிள்ளைத் தோழனுக்கு முறைப்படி அழைப்பு வைக்க வேண்டாமா? வேறொரு படகில் மூவரும் திரும்பப் போய், வெற்றிலை பாக்குத் தட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார்கள். சுறா தட்டைப் பார்த்தது. கொம்பையாவைப் பார்த்தது. எடுத்தது ஓட்டம்.

மேலே வந்த கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு வெத்தலையைத் தொட்டுச்சா பாத்தியாலே? அதுவும் சூசை மாஸ்டர்கிட்டதான் படிச்சிருக்கு!”