இற்ற கயிறும் நின்ற கரையும்

நீங்கள் யாரும் பிறக்காத காலம். நானும் பிறக்கவில்லை. பாளைநாடு என்று ஒரு நாடு இருந்தது. மாறவேள் என்று ஒரு ராஜா. நல்லவன்தான். ஆனால் அவசரக்காரன்.

அவன் ஒரு ஏரி வெட்டினான். கடல் போல ஏரி. குன்று போல அதற்கு மண்கரை. கரைக்கு அடியில் கரையடி என்று ஒரு ஊர். தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, தட்டி, நார் எடுத்து, கயிறு திரிக்கிற ஊர்.

மழை வந்தால் மண்கரை சரியும். சரியாமல் என்ன செய்யும்?

ராஜா கல் பதித்தான். கல்லுக்கடியில் மண் ஓடியது, கல் உருண்டது. பனந்தடி அடுக்கினான். தடி மிதந்து போனது. புல் விதைத்தான். வேர் விடுமுன் மழை வந்து விதையை வாரிக்கொண்டு போனது.

ராஜாவுக்கு அலுத்துவிட்டது. "ஏரியும் வேண்டாம், கரையடியும் வேண்டாம். கரையை வெட்டி விடுங்கள். ஊரார் மூட்டை கட்டட்டும்" என்றான்.

அரண்மனைக்கு ஒருத்தி வந்தாள். பெயர் சடைச்சி. கரையடிக் கயிற்றுக்காரி. வாய்க்காரியும்தான். தோளில் ஒரு வலை. மீன்வலை என்று நினைக்காதீர்கள். விரல் தடிமன் நார்க்கயிற்றில், உள்ளங்கை அகலத்துக்குக் கண் வைத்துப் பின்னிய வலை.

"மகாராஜா, இதைக் கரைமேல விரிச்சு மூங்கில் முளை அடிக்கிறோம். கண்ணுக்குக் கண் அருகம்புல் நடுறோம். மூணு வருஷத்து மழை பொறுங்க."

"கல்லே நிற்கவில்லை. உன் கயிறு நிற்குமோ?"

"நிக்காது. இத்துப்போகும். கரை நிக்கும்."

ராஜா சிரித்தான். "சரி, மூன்று மழை. கரை போனால் ஊரும் போகும்."

சடைச்சி ஊர் திரும்பினாள். அங்கே வேறு சண்டை காத்திருந்தது.

கரையடிக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த ஊர்க் கயிறு இற்றுப்போனால், வாங்கியவர் அதைக் கொண்டுவந்து திரித்தவர் வாசலில் தொங்கவிடலாம். தொங்குகிற வீட்டில் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து எந்த வாசலிலும் கயிறு தொங்கியதில்லை.

சடைச்சியின் அண்ணன் கொம்பையா குதித்தான். "அடியே, இத்துப்போகும்னு ராஜாகிட்டயே சொல்லிட்டு வந்திருக்கியே! நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்?"

"ஊரே போகப்போகுது. பேரை எந்த ஆணியில மாட்டுவே, அண்ணே?"

முணுமுணுத்துக்கொண்டே பின்னினார்கள். விரித்தார்கள். புல் நட்டார்கள்.

முதல் மழை வந்தது. வலை மண்ணைப் பிடித்தது. மண் புல்லைப் பிடித்தது. கரை நின்றது.

இரண்டாம் மழை வந்தது. புல் அடர்ந்து வலையை மூடியது. கரை நின்றது.

மூன்றாம் மழைக்கு முன் ராஜா கரை பார்க்க வந்தான். புல்லை விலக்கிக் கயிற்றைத் தூக்கினான். கையோடு வந்தது. உமி போல உதிர்ந்தது. முன்பு அவள் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. அவசரக்காரன் என்றேனே. ஒரு துண்டை ஆளிடம் கொடுத்துச் சடைச்சி வாசலில் தொங்கவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஊர் பதறியது. கொம்பையா புது வலையும் மண்வெட்டியுமாகக் கரைமேல் ஏறினான். பின்னால் பத்துப் பேர். புது வலை படிய வேண்டுமென்றால் புல்லைச் செதுக்க வேண்டும். செதுக்கினார்கள். ஒரு வண்டி அகலம் மொட்டையானது.

சடைச்சி ஓடிவந்து புல்லின்மேல் குறுக்கே படுத்துவிட்டாள். "என்னை வெட்டிட்டு அப்புறம் புல்லை வெட்டு!"

"எழுந்திருடி! வாசல்ல மானம் தொங்குது!"

"தொங்கட்டும். இந்தப் புல்லு போனா, நம்ம கூரையெல்லாம் தண்ணியில மிதக்கும்."

அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டது. மூன்றாம் மழை. அப்படி ஒரு மழையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஊர் மொத்தமும் கோயில் மேட்டில் ஏறி நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

மழை விட்டது. கரை நின்றது!

ஏரி விளிம்புவரை தளும்பியது. கரை பச்சைப் பசேல் என்று இருந்தது. செதுக்கிய வண்டி அகலத்தில் மட்டும் மேல்மண் வழிந்து, புண் போலச் சிவந்து கிடந்தது. கொம்பையா அதைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே போட்டான்.

ராஜா யானைமேல் வந்தான். "கயிறுதான் இற்றுவிட்டதே. எது தாங்கியது?"

"இறங்கி வந்து புல்லை இழுத்துப் பாருங்க, மகாராஜா."

ஒரு கையால் இழுத்தான். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தான். தாள் அறுந்தது, வேர் அசையவில்லை. ராஜா சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான்.

ராஜாவே முதலில் சிரித்தான். அப்புறம் யார் நிறுத்துவது? கரை முழுக்கச் சிரிப்பு. பறை முழங்கியது.

"வேர் பிடிக்கிற வரைக்கும்தான் கயிறு வேணும், மகாராஜா. பிடிச்சபிறகு அதுக்கு அங்க என்ன வேலை? உரமாப் போயிடுச்சு" என்றாள் சடைச்சி.

ராஜா சேற்று வேட்டியோடு அவள் வீட்டுக்கு நடந்தான். தொங்கிய கயிற்றைத் தன் கையால் அவிழ்த்தான். அந்த வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கக் குடித்தான். கயிற்றைக் கொண்டுபோய்த் தன் கோட்டை வாசலில் மாட்டினான்.

மொட்டையான இடத்துக்கு வலை பின்ன முதலில் உட்கார்ந்தது கொம்பையாதான்.

கதை முடிந்தது. நீதி ஒன்றே: இன்னொன்று வேர் பிடிக்கும்வரை தாங்கிவிட்டு மக்கிப்போகிறவனுக்குத் தோல்வி கிடையாது.