கேலம் விட்டுப்போன பீப்பாய்

"தங்கச்சி, இதை நான் மாத்தி ஊத்தமாட்டன்" என்றார் குகநேசன்.

"ஏன் அண்ணை?"

"கேலம் தன்ரை கையாலை நிரப்பின பீப்பா இது. பன்னிரண்டு வருசம் இதுக்கை கிடந்து பழுத்த விஸ்கி. இதைக் கொண்டுபோய் வைன் கிடந்த பீப்பாவிலை ஏன் ஊத்தவேணும்? அந்த மனுசன்ரை மணம் போயிடும்."

சுகிர்தா பீப்பாயின் தக்கையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் குறைவு.

அது ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவு. வருடத்தில் பாதி நாள் மழை. மீதி நாள் மழை வரப்போகிறது என்ற பேச்சு. கடலோரத்தில் ஒரு விஸ்கி வடிசாலை. அங்கே பீப்பாய்கள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தவர் குகநேசன். பருத்தித்துறையில் பிறந்தவர், அறுபதை நெருங்கியவர், நெஞ்சு வருத்தக்காரர்.

சுகிர்தா அவரைவிட நன்றாக இளையவள். கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அந்த வடிசாலையில் மணம் பார்க்கும் தலைமை இப்போது அவளிடம். அவள் சொன்னால்தான் பீப்பாய் திறக்கும்.

அவளுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் தீவுக்காரரான கேலம்.

குகநேசன் தீவுக்கு வந்தபோது அவருக்கு ஒரு நாடு போயிருந்தது, இன்னொன்று கிடைத்திருக்கவில்லை. கேலத்துக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு ஆங்கிலம் தெரியாது. கேலம் கண்ணாடிக் குவளையை நீட்டுவார். இவர் மணந்து பார்த்துவிட்டு, "பனங்கட்டி" என்பார். கேலம் தலையாட்டுவார். அடுத்த குவளை. "புழுங்கல் நெல்." அதற்கும் தலையாட்டுவார். யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேருக்கும் விளங்காது. வேலை அருமையாக நடந்தது. மொழி படித்த பிறகுதான் கொஞ்சம் சண்டை வந்தது.

போன மாரியில் கேலம் படுத்துவிட்டார். அக்கரையில் ஆஸ்பத்திரி. கடல் கொந்தளித்துக் கப்பல் ஓடவில்லை. குகநேசன் துறைமுகத்தில் மூட்டையோடு நின்றார். கப்பல் ஓடியபோது போய்ப் பார்க்க ஆள் இல்லை.

தொலைபேசியில் கேலம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். "என் பீப்பாயை உனக்கு எழுதிவிட்டேன். வசந்தத்தில் போர்ட் வைன் பீப்பாய் வரும். விஸ்கியை அந்தப் பீப்பாய்க்குள் மாற்று, வைன் வாசம் ஏறட்டும். நீயே மாற்று."

வசந்தம் வந்தது. போர்த்துக்கலிலிருந்து பீப்பாயும் வந்தது. குகநேசனுக்குத்தான் கை வரவில்லை.

சுகிர்தா அவரை வைன் பீப்பாயிடம் கூட்டிக்கொண்டு போனாள். தக்கையைக் கழற்றினாள்.

"மணந்து பாருங்கோ."

"வைன். முந்திரிகை வத்தல். கொஞ்சம் புளிச்ச பிளம்ஸ்."

"உள்ளை எவ்வளவு வைன் கிடக்கு?"

அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு சொட்டும் இல்லை."

"அப்ப மணக்கிறது என்ன?"

அவர் டோர்ச்சை அணைத்தார். பதில் வராத மனுசனுக்கு வேறு என்ன வரும்? கோபம் வந்தது.

"இந்த விசர்க் கேள்வியளை என்னட்டைக் கேளாதையுங்கோ. நாளைக்கு ஊத்திறன்."

"உங்கடை பீப்பா, அண்ணை. உங்கடை நாள்."

நாளை வந்தது. மழை என்றார். அடுத்த நாள் நெஞ்சு சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஊரில் ஆயிரம் பேருக்குப் புத்தி சொன்ன வாய்தான் அது.

ஒவ்வொரு நாளும் கேலத்தின் பீப்பாயைத் திறப்பார். ஒரு மூச்சு இழுப்பார். நனைந்த கம்பளி, கடற்பாசி, வறுத்த தானியம். கண் கலங்கும். மூடுவார். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் அந்த மனுசன் காலையில் எழும்பினார் என்றால் பொய்யில்லை.

வைன் பீப்பாய் முற்றத்து ஈரத்தில் கிடந்தது. பாவம், கேலம் கேட்டு வாங்கிய பீப்பாய் மழையில் கிடப்பதா என்று அதை உருட்டிக்கொண்டு போனார். விஸ்கி காய்ச்சும் வடிகலன்கள் நிற்கும் சூடான மண்டபத்தில், சுவரோரமாய் வைத்துச் சாக்குப் போட்டு மூடினார்.

வெறும் பீப்பாயைச் சூட்டில் வைத்தால் பலகை சுருங்கும். கிட்டங்கியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அது தெரியும். தண்ணீர் ஊற்றி வைக்கலாம், பலகை ஊறும். ஆனால் தண்ணீர் ஊற்றினால் மரத்தில் ஊறிய வைன் கழுவுப்பட்டுப் போகும் என்று அதையும் செய்யவில்லை. எல்லாம் தெரிந்தவர்தான். துக்கம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய் ஒளித்துக்கொள்ளும்.

சுகிர்தா காலமையில் அந்தப் பக்கம் வருவாள். சாக்கை விலக்கி, விரலை மடக்கி மொளியால் பீப்பாயைத் தட்டுவாள். காதை வைத்துக் கேட்பாள். போய்விடுவாள்.

ஒருநாள் குகநேசன் கேட்டார்: "என்ன தங்கச்சி, சுகம் விசாரிக்கிறியளோ?"

"ஓம்."

"எப்பிடி இருக்காம்?"

"தாகமாம்."

குகநேசன் வாய்விட்டுச் சிரித்தார். கேலம் செத்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நல்ல பகிடி என்று வீட்டுக்குப் போய் மனுசியிடமும் சொன்னார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் இடம் கொடுத்தது. வேலையாட்கள் இல்லாத நாள். அழுவதை ஆர் பார்ப்பது என்ற வெட்கம். கேலத்தின் பீப்பாயைத் தள்ளுவண்டியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். குழாய் போட்டு விஸ்கியை வைன் பீப்பாய்க்குள் இறக்கினார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அழுதார். தக்கையை மரச் சுத்தியலால் இறுக்கினார். வெறும் பீப்பாயைத் திரும்பக் கிட்டங்கியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பல மாதங்களுக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டார்.

திங்கள் காலை வடிசாலைப் படலையடியிலேயே மணம் வந்தது.

நனைந்த கம்பளி. கடற்பாசி. வறுத்த தானியம்.

குகநேசனுக்கு விளங்கிவிட்டது. நெஞ்சு வருத்தத்தையும் மறந்து ஓடினார்.

மண்டபத்து நிலமெல்லாம் ஈரம். பலகைகளின் இடைவெளிகளால் விஸ்கி வழிந்து, நிலத்தில் ஓடி, கடலுக்குப் போகும் வடிகானில் விழுந்துகொண்டிருந்தது. சுகிர்தா முழங்காலில் நின்று மிஞ்சியதை ஒரு இரும்புக் கொள்கலத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் பீப்பாயைக் கட்டிப்பிடித்தார். ஓர் இடைவெளியைக் கையால் பொத்தினார். பக்கத்து இடைவெளியால் வழிந்தது. அதைப் பொத்தினார். நெஞ்சால் வழிந்தது, கழுத்தால் வழிந்தது. சட்டையெல்லாம் கேலம்.

"ஐயோ, ரெண்டாந்தரமும் விட்டிட்டனே! அண்டைக்கும் பக்கத்திலை இல்லை, இண்டைக்கும் இல்லை!"

சுகிர்தா அவரைத் தேற்றவில்லை. அவள் குழாயை விடவில்லை.

கடைசியில் வழிவது நின்றது.

"எனக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னனான்."

"எப்ப?"

"தாகமெண்டு."

அவர் பீப்பாயைக் கட்டியிருந்த கையை எடுத்தார்.

"ஊத்த முதல் என்னைக் கூப்பிடுவியள் எண்டு இருந்திட்டன்" என்றாள் சுகிர்தா. "அது என்ரை பிழை."

அவர் கொள்கலத்தை எட்டிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

"போனது போகட்டும். மிச்சத்தைத் திரும்ப அந்தப் பழைய பீப்பாவுக்கையே விடுவம். அதுக்கை கிடக்கட்டும். இனி ஒருத்தரும் தொடவேண்டாம்."

"ஏலாது, அண்ணை."

"ஏன் ஏலாது?"

"அது நிரம்பிட்டுது."

"என்னத்தாலை?"

"புதுசா வடிச்ச விஸ்கியாலை. வெறுமையாக் கிடந்தது. மரத்திலை ஊறினது காயமுதல், விடிய வந்த உடனை பெடியளைக்கொண்டு நிரப்பிப் போட்டன். பிறகுதான் இந்தப் பக்கம் வந்தனான்."

குகநேசன் எழும்பி நின்றார். வாழ்நாளில் ஒரு பெண்பிள்ளையிடம் அப்படிக் குரல் உயர்த்தியவர் இல்லை.

"அவரின்ரை பீப்பாவிலையோ? அந்த மனுசன் செத்து வருசத் திவசம்கூட முடியேல்லை! உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

சுகிர்தா ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

கத்திக் களைத்து அவர் நிலத்திலேயே குந்தினார். அந்த ஈரத்துக்குள்தான். வடிகலன்கள் உறுமிக்கொண்டிருந்தன. கானுக்குள் கடைசித் துளிகள் விழுந்தன.

"அந்தப் புதுசு எப்ப பழுக்கும்?" என்று கேட்டார் ஒருவழியாக.

"பன்னிரண்டு வருசமாவது போகவேணும்."

"என்ரை நெஞ்சுக்கு அவ்வளவு காலம் இல்லை. அப்ப நான் இருக்கமாட்டன்."

"கேலம் அந்தப் பீப்பாவை நிரப்பேக்கை அவருக்கு என்ன வயசு?"

"எழுபதுக்குக் கிட்ட."

"தானிருந்து குடிப்பன் எண்டோ நிரப்பினவர்?"

குகநேசன் தலை குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு குலுங்குவது நின்றது.

கொள்கலத்தின் பிடியில் கை வைத்தார்.

"அடுத்த வைன் பீப்பா எப்ப வரும், தங்கச்சி?"

"நேற்றுக் கப்பலிலை வந்திட்டுது. வாசல்லை கிடக்கு. இன்னும் ஈரம் காயேல்லை."